மாவட்டப் பேப்பர் பற்றி ஒரு சின்ன பட்ஜெட் படம், களம் சேலமும் ஏற்காடும்: எங்கெல்லாம் பிசகும்?

குண்டுமாங்கா:

வணக்கம். சின்ன பட்ஜெட் படம் ஒன்றின் திரைக்கதை நான்காவது வரைவில் நிற்கிறது. கதை நடப்பது 2023-ல், குடியரசு தினத்திலிருந்து மே கடைசி வரை. ஏற்காட்டுப் பகுதிநேர நிருபர் ஒருத்தி, வயது 41. மலைக் கிராமம் ஒன்றில் கட்டவே கட்டாத மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்குப் பில் போட்டுப் பணம் எடுத்திருக்கிறார்கள். கிராம சபையில் செலவுக் கணக்கு வாசிக்கும்போது அது அவள் காதில் விழுகிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுகிறாள், ஆவணம் கிடைக்கிறது, செய்தி எழுதுகிறாள். மே மாதம் கோடை விழா விளம்பரம் வரும் நேரம். சேலம் ஆபீசில் அழுத்தம். அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்தி தூக்கப்படுகிறது.

பேப்பர் கற்பனை. 12 பக்கம், சேலத்தில் அச்சாகிறது. குழுவில் 14 பேர், 22 நாள் படப்பிடிப்பு. வில்லனை மலைபோல் காட்ட ஆசையில்லை. தப்பான தகவல் இருக்கக் கூடாது என்பதுதான் கவலை. கீழே உள்ளவை சரியா என்று சொல்லுங்கள்:

ஆசிரியர் ஓடிவந்து "மெஷினை நிறுத்து" என்கிறார், ரோலர் நிற்கிறது, அச்சான அத்தனையும் குப்பைக்குப் போகிறது. தகவல் உரிமை மனுவுக்கு மூன்றாம் நாள் பதில் வருகிறது. மே 1 அன்று ஊர்மக்கள் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு வருகிறார்கள். கடைசிக் காட்சியில் அவள் பெயரோடு முதல் பக்கத்தில் செய்தி வருகிறது.

இது தவிர, கையில் பிடிக்கும் பேப்பரை எப்படி அச்சடிப்பது, நிஜ அச்சகத்தில் எப்படி ஷூட் செய்வது என்றும் தெரிய வேண்டும்.

கடைசிப்_பக்கம்:

நீங்கள் கேட்ட நாலும் தப்பு. முதல் தப்பைத் திருத்தினால் இப்போது இருப்பதைவிட நல்ல காட்சி கிடைக்கும் என்பதால் அதிலிருந்தே வருகிறேன்.

மாவட்டப் பேப்பர் ஒரே ஓட்டத்தில் அச்சாகி முடிவதில்லை. தூரத்து ஊர்களுக்கு முதலில் ஒரு பதிப்பு ஓடும், டாக் எடிஷன் என்பார்கள். அது கட்டி ஏற்றிப் போன பிறகு, லேட் செய்திகளைச் சேர்த்து நகரப் பதிப்பு ஓடும். உங்கள் படத்துக்கு இந்த நேரத்தை வைத்துக்கொள்ளலாம்: வெளியூர் நிருபர்களின் செய்தி மாலை 6.30-க்குள் வர வேண்டும். உள்பக்கங்கள் 8.30-க்கு முடியும். முதல் பக்கம் 9.45-க்குக் கீழே அச்சுக்கூடத்துக்குப் போகும். 10.15-க்கு மெஷின் ஓடும். 11.30-க்கு ஆத்தூர், மேட்டூர், எடப்பாடி, சங்ககிரி பண்டல்கள் வண்டியேறும். நகரப் பதிப்பின் முதல் பக்கம் 12.45. மறுபடி மெஷின் 1.15. பண்டல் 2.30. ஏஜென்ட் கையில் 4 மணி. வாசலில் விழும்போது ஐந்தரை, ஆறு.

இதில் உங்கள் "நிறுத்து" எப்போது வருகிறது என்பதுதான் படமே. 12.30-க்கு வந்தால் யாரும் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. மெஷின் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருக்கும். நகரப் பதிப்பில் அந்தச் செய்தியை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பார்கள், அவ்வளவுதான். கத்தல் கிடையாது. ஆனால் ஆத்தூர் வண்டி வாழப்பாடியைத் தாண்டிப் போயிருக்கும். அதைத் திருப்பிக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் அத்தனை ஊரிலும் பேப்பர் இல்லாமல் போகும், விடியற்காலையில் ஏஜென்டுகள் போனில் பிடித்துக்கொள்வார்கள்.

ஆக அந்த நாளில் இரண்டு பேப்பர் இருக்கும். ஆத்தூரில் செய்தி உள்ளது, சேலத்தில் செய்தி இல்லாதது. ஏற்காடு சேலத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, அதன் பண்டல் நகரப் பதிப்பிலிருந்துதான் போகும். தொட்டி யாருக்கு வர வேண்டுமோ அந்த மலைக்கு மட்டும் செய்தி போய்ச் சேரவில்லை. ஆத்தூர் டீக்கடைக்காரர் அதைப் படித்துவிட்டு வடை மடிக்கிறார். இதைவிட்டு விட்டு ரோலர் நிற்கும் காட்சி எதற்கு?

ஒரு ஓட்டை உண்டு, பார்வையாளர் கேட்டுவிடுவார்: இ-பேப்பர். 2023-ல் சின்னப் பேப்பருக்கும் அது இருக்கும். அதில் ஏற்றுவது பெரும்பாலும் கடைசிப் பதிப்பைத்தான். எனவே இணையத்திலும் தடயம் இருக்காது. ஆத்தூரிலிருந்து யாரோ போனில் படமெடுத்து அனுப்பினால்தான் உண்டு. அதை மறைக்காமல் கதைக்குள்ளேயே கொண்டுவாருங்கள்.

அவள் பெயர் விஷயம். மாவட்டப் பேப்பரில் பகுதிநேர நிருபரின் பெயர் வருவது அரிது. "நமது நிருபர்" வந்தாலே பெரிது, பல செய்திகளில் அதுகூட இருக்காது. முதல் பக்கத்தில் பெயரைப் போட்டு முடித்தால் இந்தத் தொழிலை அறிந்தவர் அத்தனை பேரும் அங்கே படத்தை விட்டு வெளியே வந்துவிடுவார்கள். பெயர் வராமலே இருக்கட்டும்.

பகுதிநேரம் என்றால் என்னவென்றும் காட்டுங்கள். சம்பளம் கிடையாது. மாதத்துக்கு ஒரு சிறு தொகை, அல்லது வந்த செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. அதோடு விளம்பரம் பிடித்தால் கமிஷன். மலையில் விளம்பரம் தருபவர் யார்? லாட்ஜ், எஸ்டேட், பள்ளி, ஒப்பந்ததாரர், உள்ளாட்சிப் பிரமுகர். பொங்கலுக்கும் கோடை விழாவுக்கும் வாழ்த்து விளம்பரம் கேட்டு அவள் போய் நிற்க வேண்டிய வாசல்களில் ஒன்றுதான் அந்தத் தொட்டி ஒப்பந்ததாரரின் வாசல். அழுத்தத்தை மேலிருந்து மட்டும் காட்டாதீர்கள். அவளுடைய கமிஷன் நோட்டிலேயே அது இருக்கிறது. பிரஸ் மீட்டில் நீட்டும் கவரை அவள் வாங்குவதில்லை என்று காட்டுவது சுலபம். நாலு வருடமாக அவள் வாங்கிவந்த விளம்பரத்தைக் காட்டுவதுதான் கஷ்டம்.

ரீல்ஸ்டாண்டு:

மேலே சொன்னதற்கு அச்சுப் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

நிஜமாகவே ஓட்டத்தின் நடுவில் மாற்ற வேண்டுமென்றால், கலர் பக்கத்துக்கு நான்கு பிளேட் (அச்சுத் தகடு): நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. எழுத்து கறுப்பில் மட்டும் இருக்கும். ஒரு செய்தியை எடுத்து, அந்த இடத்தில் படமில்லாத இன்னொரு செய்தியை வைத்தால் கறுப்பு பிளேட் ஒன்றை மாற்றினால் போதும். படத்தோடு வைத்தால், அல்லது தலைப்பு சிவப்பாக இருந்தால், மற்ற பிளேட்டையும் கழற்ற வேண்டும். எனவே உங்கள் செய்தி ஆசிரியர் சொல்ல வேண்டிய வசனம் "மெஷினை நிறுத்து" இல்லை. "படம் வேண்டாம், பிளாக் மட்டும் அடிங்க." பழைய பிளேட் அலுமினியம், கால் மில்லிமீட்டர் சொச்சம் தடிமன். கழற்றியதை மடக்கி மூலையில் போடுவார்கள், எடைக்குப் போகும். அதில் அவள் செய்தி அப்படியே நேராகப் படிக்கும்படி இருக்கும். ஆஃப்செட்டில் பிளேட்டிலிருந்து ரப்பர் பிளாங்கெட்டுக்கு, அதிலிருந்து பேப்பருக்கு என்று இரண்டு முறை திரும்புவதால் பிளேட்டில் எழுத்து இடவலம் மாறி இருக்காது. ஆர்ட் டைரக்டர்கள் கண்ணாடிப் பிம்பமாக எழுதி வைத்து மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஈய எழுத்துக் காலத்துக்குத்தான் அது பொருந்தும்.

புது பிளேட் அடித்து, கழுவி, வளைத்து, சிலிண்டரில் பூட்டி மறுபடி ஓட்ட, எல்லாம் ஒழுங்காக நடந்தால் 15, 20 நிமிடம். ஓடத் தொடங்கியதும் முதல் சில நூறு பிரதி வீண். மை, தண்ணீர் சமன் ஆகும்வரை எழுத்து வெளிறியோ அழுக்காகவோ வரும், நாலு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராமல் முகத்துக்கு இரண்டு மீசை தெரியும். ஆபரேட்டர் ஒரு பிரதியை உருவி, வண்ணங்கள் பொருந்துகிறதா என்று காட்டும் ஓரத்துச் சிலுவைக் குறியைப் பார்த்து, சாவியைத் திருகி, மறுபடி உருவுவார். இதைக் காட்டுங்கள், கை வேலை அழகாக இருக்கும்.

கையில் பிடிக்கும் பேப்பர்: விரித்தால் சுமார் 70 x 54.6 செ.மீ. 12 பக்கம் என்றால் மூன்று தாள், ஒன்றுக்குள் ஒன்று. வெளித்தாளின் ஒரு முகத்தில் 1-ம் 12-ம், மறுமுகத்தில் 2-ம் 11-ம். 45 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 45 கிராம்) நியூஸ்பிரின்ட். கணக்குப் போட்டால் ஒரு பிரதி ஐம்பது கிராம் சொச்சம், 200 பிரதிப் பண்டல் பத்து கிலோ. நடிகர் இரண்டு பண்டலை இரண்டு விரலில் தூக்கிப் போட்டால் பொய் என்று தெரிந்துவிடும், உள்ளே தெர்மகோல் வைக்காதீர்கள்.

டிஜிட்டல் பிரின்டில் அடிக்கலாம் என்பார்கள். அந்த மெல்லிய தாள் பெரும்பாலான லேசர் மெஷினில் சிக்கும். கனமான தாளில் அடித்தால் பேப்பர் விழும் சத்தமே வேறு, மடிப்பும் விறைத்து நிற்கும். செய்ய வேண்டியது: 23 x 36 அங்குல டபுள் டெமி தாள் ஏற்றும், ரீலில் இல்லாமல் தாள் தாளாக அடிக்கும் ஷீட் ஆஃப்செட் உள்ள அச்சகம் பிடியுங்கள், நியூஸ்பிரின்ட் ஷீட்டாகவே வாங்கிக் கொடுங்கள். வெளித்தாளுக்கு ஒரு முகம் கலர், ஒரு முகம் கறுப்பு: ஐந்து பிளேட். செய்தி உள்ளது, செய்தி இல்லாதது என்ற இரண்டாம் வடிவத்துக்குக் கூடுதலாக ஒரே ஒரு கறுப்பு பிளேட். உள்தாள் இரண்டுக்கும் ஏதாவது பொதுவான பக்கம், கறுப்பு மட்டும். நிஜப் பேப்பரை உள்ளே சொருகாதீர்கள், புரட்டும்போது பெயர் தெரியும். ஒவ்வொரு வடிவத்துக்கும் 300 பிரதியாவது அடியுங்கள், ஒரு டேக்குக்கு நாலு கசங்கும். இரண்டு வடிவமும் கலந்துவிடாமல் இருக்க கடைசிப் பக்க ஓரத்தில் சின்னப் புள்ளி ஒன்று போட்டுவையுங்கள். கன்டினியூட்டி பார்ப்பவர் உங்களைக் கோயில் கட்டிக் கும்பிடுவார்.

ஜனவரிப் பேப்பர் மே மாதக் காட்சியில் வரும் என்றால் மஞ்சளிக்க வேண்டும். சேலம் மொட்டை மாடி வெயிலில் சில நாள் விரித்து வைத்தாலே போதும். டீத்தண்ணீரில் நனைக்காதீர்கள், நியூஸ்பிரின்ட் கிழிந்துவிடும்.

நிஜ அச்சகத்தில் ஷூட்: 11.30-க்கும் 1.15-க்கும் நடுவில் மெஷின் சும்மா நிற்கும் நேரம் உண்டு. ஆனால் அந்த இடைவெளியில்தான் ஆபரேட்டர் சாப்பிட்டு பேப்பர் ரீல் ஏற்றுவார், அவரைத் தொந்தரவு செய்தால் அடுத்த நாள் கதவு திறக்காது. 3 மணிக்கு மேல் கேளுங்கள். மெஷினை உங்களுக்காக ஓட்டினால் தாள் கழிவு, மை, கரன்ட், ஆள் கூலி எல்லாம் உங்கள் கணக்கு, பேசி எழுதி வாங்குங்கள். வேட்டி, துப்பட்டா, கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டு எதுவும் ஓடும் மெஷினுக்குப் பக்கத்தில் கூடாது. நடிகைக்கு முடியைக் கட்டச் சொல்லுங்கள். அழகுக்காக அவிழ்த்துவிட வேண்டாம்.

ஓடும் மெஷின் பக்கத்தில் வசனம் பதிவாகாது. கத்திப் பேச வைத்து, பிறகு டப் செய்யுங்கள். டப்பிங்கிலும் கத்த வேண்டும், மெதுவாகப் பேசிவிட்டுப் பின்னணிச் சத்தத்தைக் குறைத்தால் பொய்யாக இருக்கும். மெஷின் மெதுவாகத் தொடங்கி வேகமெடுத்து நிற்கும்வரை முழுசாக ஒரு பதிவு தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். ட்யூப்லைட் வெளிச்சத்துக்கு 24 ஃபிரேமில் ஷட்டர் 172.8 டிகிரி, அதாவது 1/50. ஸ்லோமோஷன் 50 ஃபிரேம் என்றால் 1/100. 1/125, 1/250 போனால் பட்டை பட்டையாக அடிக்கும். எல்.ஈ.டி. பல்பு மாட்டிய கூடம் என்றால் முதலில் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்கள், மலிவு டிரைவர் உள்ளவை எதற்கும் அடங்காது.

பத்து_ரூபாய்_ஸ்டாம்ப்:

தகவல் உரிமை விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் நாள் பதில் என்பது உயிர், சுதந்திரம் தொடர்பான கேள்விக்கு மட்டும், அதற்கும் 48 மணி நேரம். தொட்டிக்கு 30 நாள்.

2023 ஜனவரி 26 வியாழன், கிராம சபை. 27 அன்று மனு. வெள்ளைத் தாள் போதும், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். முகவரி: பொதுத் தகவல் அலுவலர், ஊராட்சி ஒன்றிய அலுவலகம், ஏற்காடு. 2023-ல் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புவார்கள், அந்த அட்டை திரும்பி வருவது நல்ல ஷாட். மனு அலுவலகத்துக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாள், அது பிப்ரவரி கடைசியில் முடிகிறது. பதில் வராது, அல்லது "தாங்கள் கோரிய தகவல் தொகுக்கப்பட்டு வருகிறது" என்று வரும். உடனே முதல் மேல்முறையீடு. அதற்கு 30 நாள், காரணம் எழுதிவைத்தால் 45 வரை. மார்ச் முதல் வாரம் போட்டால் ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்குள் கையில் ஏதாவது வரும். மே மாதக் கோடை விழாவுக்கு உங்கள் கதை தானாகவே சரியாக வந்து நிற்கிறது, பாருங்கள். இரண்டாம் மேல்முறையீடு, மாநிலத் தகவல் ஆணையம் என்று போனால் இந்தப் படத்துக்குள் அடங்காது.

அவள் என்ன கேட்க வேண்டும் என்பது முக்கியம். "ஊழல் நடந்ததா" என்று கேட்டால் அது தகவலே இல்லை என்று திருப்பிவிடுவார்கள். கேட்க வேண்டியது: நிர்வாக அனுமதி நகல், மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக் (அளவுப் புத்தகம்) பக்கங்கள், பில், பணம் கொடுத்த வவுச்சர். நகல் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். இதோடு, சட்டத்தின் பிரிவு 2(ஜே) ஆவணத்தை நேரில் பார்க்கவும், வேலை நடந்த இடத்தைப் பார்க்கவும் உரிமை தருகிறது. இல்லாத தொட்டியைப் "பார்வையிட அனுமதி" கேட்டு அவள் மனுப் போடட்டும். அலுவலகம் அதற்கு என்ன பதில் எழுதும் என்று யோசியுங்கள். உங்கள் படத்தில் சிரிப்பு வரும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம்.

எம்-புக்கில் பக்க எண் அச்சிட்டு வரும், நடுவில் ஒரு பக்கத்தைக் கிழித்தால் தெரிந்துவிடும். அழித்து எழுதக் கூடாது, அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். வேலை ஒவ்வொரு கட்டமாகப் பதிவாகும்: குழி தோண்டியது இவ்வளவு கனமீட்டர், கம்பி இவ்வளவு கிலோ, கான்கிரீட் இவ்வளவு. தேதி இருக்கும். மலைப்பாதை மண்சரிவால் அடைபட்டிருந்த நாளில் முப்பதாயிரம் லிட்டர் தொட்டிக்குக் கான்கிரீட் போட்டதாக எழுதியிருந்தால், நிருபருக்கு அதுவே செய்தி. பாதை அடைபட்ட செய்தியை அன்றைக்கு எழுதியதே அவள்தான் என்றால் இன்னும் நல்லது. ரகசியப் பென் டிரைவ் எல்லாம் வேண்டாம்.

மே 1: 2023-ல் அது திங்கட்கிழமை. குறைதீர் கூட்டம் திங்கள்தோறும் நடக்கும் என்பது சரிதான், ஆனால் அன்று அரசு விடுமுறை. கூட்டம் கிடையாது. அதற்குப் பதில் அன்றைக்குக் கிராம சபை உண்டு. காட்சியை அங்கே மாற்றுங்கள், வரவு செலவு மறுபடி வாசிக்கப்படட்டும். கலெக்டர் ஆபீஸ் வேண்டுமென்றால் மே 8. அங்கே வாசலிலேயே போலீஸ் நின்று பைகளில் மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று தேடுவது வழக்கமான காட்சி. சினிமாவில் யாரும் காட்டுவதில்லை.

சட்டப் பெயர்கள். 2023 என்பதால் அவதூறு வக்கீல் நோட்டீஸில் இந்திய தண்டனைச் சட்டம் 499, 500 என்று வர வேண்டும். அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 356 என்று எழுதினால் தப்பு, அது 2024 ஜூலை 1 முதல்தான். அதேபோல் பேப்பரின் பதிவு எண் ஆர்.என்.ஐ. (இந்தியப் பத்திரிகைப் பதிவாளர்) என்றுதான் இருக்க வேண்டும். 1867-ம் ஆண்டுப் பத்திரிகைப் பதிவுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் 2024 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர், அச்சகம் இருக்கும் இடம் ஆகியவை சின்ன எழுத்தில் ஒரு வரி. இது இல்லாத பேப்பர் பார்த்தவுடன் டம்மி என்று தெரியும்.

உங்கள் கற்பனைப் பேப்பருக்கு வைத்த பெயர் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பத்திரிகைப் பதிவாளர் தளத்தில் தேடிப் பாருங்கள். "தின", "மாலை", "முரசு", "கதிர்" என்று எதைச் சேர்த்தாலும் யாரோ ஒருவர் எங்கோ வைத்திருப்பார். பஞ்சாயத்துக்கும் கற்பனைப் பெயரே வையுங்கள். ஏற்காடு என்று ஊர் சொல்லலாம், அந்த ஊராட்சியின் நிஜப் பெயரைச் சொன்னால் 2023-ல் தலைவராக இருந்தவர் ஒருவர்தான், அவர் வழக்குப் போட இடமிருக்கிறது.

"தகவல் கொடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று சட்டமே பாதுகாக்கிறது" என்று எடிட்டர் பேசுவதாக எழுதியிருந்தால் வெட்டுங்கள். 1978-ம் ஆண்டு பிரஸ் கவுன்சில் சட்டம் அந்தக் கவுன்சில் முன்னால் மட்டும்தான் அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. கோர்ட்டில் அப்படி ஒரு தனி உரிமை எழுதப்படவில்லை. அது தெரிந்த எடிட்டரின் பயம்தான் நம்பும்படி இருக்கும்.

குண்டுமாங்கா:

இரண்டு பேப்பர் விஷயம் படத்தையே மாற்றிவிட்டது, நன்றி. கடைசிக் காட்சியைக் கிழித்துப் போட்டாயிற்று.

இன்னும் இரண்டு சந்தேகம். 22 நாளையும் ஜனவரியிலேயே எடுக்கப் பார்க்கிறோம், மலையில் அது சரிப்படுமா? அப்புறம், பக்கத்துக்கு வேண்டிய செய்திகளை எங்கள் உதவி இயக்குநர் எழுதுகிறார். படித்தால் பேப்பர் மாதிரி இல்லை, என்னவென்று பிடிபடவில்லை. ஒரு மாதிரி: "இன்று ஏற்காட்டில் அதிர்ச்சியூட்டும் வகையில் ஒரு தொட்டி காணாமல் போனது தெரியவந்தது."

குப்பனூர்_ரோடு:

ஜனவரி என்றால் காப்பி அறுவடை. செடியில் சிவப்புப் பழம், எஸ்டேட் களத்தில் காயும் கொட்டை, முதுகில் சாக்கோடு ஆட்கள். ஜனவரிக் காட்சிக்குக் காசில்லாமல் கிடைக்கும் அலங்காரம். அதே செடி மேயில் பச்சைக் காயோடு நிற்கும். மே காட்சியையும் ஜனவரியில் எடுத்தால் பின்னணியில் சிவப்புப் பழம் மாட்டிக்கொள்ளும், மலைக்காரர் ஒருவர் விடமாட்டார். மே காட்சிகளை வீட்டுக்குள், கடைக்குள், ஒன்றிய அலுவலக வராந்தாவில் வையுங்கள். வெளிப்புறம் கட்டாயம் என்றால் சில்வர் ஓக் மரங்களும் பாறையுமாகத் தெரியும் இடம் பார்த்து வையுங்கள், காப்பிச் செடி ஃபிரேமில் வேண்டாம். கீழே சேலத்திலும் அப்படித்தான், மே மாதம் என்றால் தள்ளுவண்டியில் மாம்பழம் இருந்தாக வேண்டும், ஜனவரியில் அது கிடைக்காது. மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்து சில நாளில் காப்பிப் பூ வெள்ளையாகப் பூத்து நாலைந்து நாளில் கருகும். மேல்முறையீட்டுக்குக் காத்திருக்கும் மாதம் அது. மூன்று பேர் ஒரு கேமராவோடு அப்போது போய் அதை மட்டும் எடுத்துவிட்டு வரலாம்.

சேலத்திலிருந்து நேர்ப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. அதில் வண்டியை மறித்து ஷூட் செய்ய அனுமதி கிடைப்பது கடினம். சனி, ஞாயிறு நினைக்கவே வேண்டாம். செவ்வாய், புதன் விடியற்காலை பாருங்கள், வளைவுக்கு வெளியே ஒதுங்க இடமுள்ள திருப்பமாகத் தேர்ந்தெடுங்கள். ஏற்காட்டுக்குப் போகும் இன்னொரு பாதையான குப்பனூர் வழியில் போக்குவரத்து குறைவு. அவள் ஸ்கூட்டரில் இறங்கும் காட்சிகளை அங்கே எடுத்துவிட்டு நேர்ப்பாதையின் வளைவு எண் பலகையை மட்டும் தனியே எடுத்துச் சேர்த்தால் போதும். பெரிய ஜெனரேட்டர் வண்டியை மேலே ஏற்றாதீர்கள், பேட்டரி விளக்கோடு போங்கள். காப்புக்காடு எல்லைக்குள் ட்ரைபாட் வைத்தால் வனத்துறை அனுமதி வேண்டும், எஸ்டேட் என்றால் உரிமையாளரின் கையெழுத்து. ட்ரோனுக்கு டிஜிட்டல் ஸ்கை (அரசின் ட்ரோன் தளம்) வரைபடத்தில் அந்த நாளில் என்ன மண்டலம் என்று பார்த்துவிட்டே பறக்கவிடுங்கள், காமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது. குரங்கு தொல்லையைச் சொல்லத் தேவையில்லை, பண்டல் கயிறைக்கூட அவிழ்க்கும்.

மேலே குளிரில் இருந்த கேமராவைச் சேலம் வெக்கைக்குக் கொண்டுவந்ததும் பெட்டியைத் திறந்தால் லென்ஸ் வியர்க்கும். மூடியபடியே அரை மணி நேரம் விடுங்கள். பொழுது சாயும்போது சில்வண்டு கத்தத் தொடங்கினால் நிறுத்தாது, ஒரு ஷாட்டில் இருந்து அடுத்ததில் இல்லையென்றால் எடிட்டர் தலையில் அடித்துக்கொள்வார். ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் வெறும் சத்தம் பதிவு செய்யுங்கள். மேசையில் பேப்பர் புரட்டிக்கொண்டே பேசும் காட்சிக்கு, பேப்பர்மேல் ஸ்ப்ரே பாட்டிலால் லேசாகத் தண்ணீர் தூவினால் சரசரப்பு அடங்கிவிடும்.

சேலத்தில் காலம் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து ரோடு மேம்பாலம் 2020-ல் வந்தது, அது ஃபிரேமில் இருக்கலாம். பழைய பேருந்து நிலைய ஈரடுக்குக் கட்டடம் திறந்தது 2023 ஜூனில். உங்கள் கதை மேயில் முடிகிறது, ஆகவே அங்கே பஸ் வந்து நிற்கும் காட்சி கூடாது. அப்புறம், ஏற்காடு ரோட்டில் உள்ள, பழைய சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவை ஒரு ஷாட் வைக்காமல் சேலத்தில் யாராலும் படமெடுக்க முடிவதில்லை. முடிந்தால் நீங்கள் வைக்காதீர்கள்.

கடைசிப்_பக்கம்:

உதவி இயக்குநரின் வரியில் முதல் சொல்லே தப்பு. காலைப் பேப்பரில் "நேற்று". "இன்று" என்று எழுதுவது மாலைப் பேப்பர். "அதிர்ச்சியூட்டும் வகையில்" என்பது டி.வி. பேப்பரில் "பரபரப்பு ஏற்பட்டது" என்று கடைசி வரியில் வரும், அதுவும் பஸ் கண்ணாடி உடைந்தால்கூட.

மாவட்டச் செய்திக்கு நடை இப்படி: "ஏற்காடு ஒன்றியத்தில், கட்டப்படாத குடிநீர் தொட்டிக்கு ரூ.14 லட்சம் பட்டியல் தொகை வழங்கப்பட்டிருப்பது, தகவல் அறியும் உரிமை சட்டத்தின் மூலம் தெரியவந்துள்ளது." முதல் வாக்கியத்திலேயே என்ன, எங்கே, எவ்வளவு. இரண்டாம் பத்தியில் ஊர், குடும்பங்களின் எண்ணிக்கை, தண்ணீருக்கு எங்கே போகிறார்கள். மூன்றாவதில் ஆவணம் சொல்வது. கடைசியில் அதிகாரியிடம் கேட்டபோது அவர் சொன்னது. இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டுவார்கள், அதனால்தான் இந்த வரிசை. வெட்டும்போது முதலில் போவது அதிகாரியின் பதில். வக்கீல் நோட்டீஸ் வருவது அதனால்தான். இதையும் கதையில் பயன்படுத்தலாம்.

செய்தியின் தலையில் ஊர்ப்பெயர். சில பேப்பரில் "ஏற்காடு, ஏப்.28-" என்று தேதியோடு வரும், சிலவற்றில் "ஏற்காடு:" மட்டும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு 12 பக்கமும் அதையே வையுங்கள். தலைப்பு மூன்று காலத்துக்கு (பக்கத்தை நெடுக்காகப் பிரிக்கும் 'காலம்', column) என்றால் இரண்டு வரி: "கட்டாத தொட்டிக்கு / ரூ.14 லட்சம் 'ஸ்வாகா'". வேறு நாட்டுப் பேப்பரில் இப்படி எழுத மாட்டார்கள், நாம் எழுதுவோம்.

டெஸ்க் காட்சியில் ஒரு சின்ன வேலை வையுங்கள். அவள் வாட்ஸ்அப்பில் அனுப்புவது யுனிகோட். பக்கம் கட்டும் மென்பொருளில் பல ஆபீஸில் இன்னும் பழைய எழுத்துருதான் ஓடுகிறது. மாற்றியில் போட்டு எடுக்கும்போது "ஸ்ரீ", "க்ஷ", ரூபாய்க் குறி எல்லாம் கட்டமாகவோ வேறு எழுத்தாகவோ விழும். சப் எடிட்டர் அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கும்போது போன் அடிக்கட்டும். பதினான்கு என்ற எண் மட்டும் திருத்தாமல் கிடக்கட்டும்.

நகரப் பதிப்பில் அந்த மூன்று காலத்தில் என்ன வைப்பது என்று யோசித்தீர்களா? கோடை விழா மலர்க் கண்காட்சி என்றால் படம் வேண்டும், படம் என்றால் நாலு பிளேட், மேலே ரீல்ஸ்டாண்டு சொன்னதைப் பாருங்கள். அந்த நேரத்தில் கையில் இருப்பது படமில்லாத ஏதோ ஒன்றுதான். மேட்டூர் அணை நீர்மட்டம் வையுங்கள். அது எப்போதும் தயாராக இருக்கும்.